பைக்குக் காசா, தடையா, தள்ளுபடியா?

கடையில் இலவசமாகப் பை கொடுப்பதை நிறுத்துவது என்று முடிவானதும், எப்படி நிறுத்துவது என்ற கேள்வி வந்தது. வழி மூன்று. பிளாஸ்டிக் பையே கிடையாது என்று சொல்லிவிடலாம். சொந்தப் பை கொண்டு வருகிறவர்களுக்கு பில்லில் கொஞ்சம் கழித்துக் கொடுக்கலாம். இல்லையென்றால் பை வேண்டுபவர் தனியாகக் காசு கொடுக்கட்டும் என்று வைக்கலாம். நான் நிர்வாகத்தில் இருக்கும் கடையில் மூன்றையும் பேசிப் பார்த்து மூன்றாவதைத்தான் எடுத்தோம். ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிளாஸ்டிக் பை மக்க எத்தனை தலைமுறை ஆகும், எந்த ஆமையின் வயிற்றில் எது இருந்தது என்பதெல்லாம் எல்லோரும் கேட்டுச் சலித்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் தள்ளுபடி. கேட்க இதுதான் இனிமையான யோசனை. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, வாடிக்கையாளர் முகம் சுளிக்க மாட்டார், கடைக்கும் நல்ல பெயர். ஒரே குறை, இது வேலை செய்வதில்லை. வாஷிங்டன் நகரையும் அதை ஒட்டிய மான்ட்கோமரி கவுண்டியையும் வைத்துப் பொருளியலாளர் தாத்தியானா ஹோமனாஃப் இதை ஆராய்ந்தார். அங்கே சில கடைகள் சொந்தப் பை கொண்டு வருகிறவர்களுக்கு 5 சென்ட் கழித்துக் கொடுத்துவந்தன. அதனால் மக்களின் பழக்கம் ஏறக்குறைய அசையவே இல்லை. பிறகு பைக்கு 5 சென்ட் வரி வந்தது. தொகை அதேதான். ஆனால் கடைப்பை வாங்குகிறவர்களின் விகிதம் 40 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் சரிந்தது. கிடைக்காமல் போன ஐந்து காசை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கையைவிட்டுப் போகிற ஐந்து காசுக்குத்தான் மனசு அடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே துணிப்பையோடு வருகிறவர்களுக்குத் தள்ளுபடி ஒரு சின்னப் பரிசு, அவ்வளவுதான்.

அடுத்தது தடை. இதைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. மெல்லிய பாலித்தீன் பையை முதன்முதலில் நாடு முழுவதும் தடை செய்தது பங்களாதேஷ், 2002இல். 1998 வெள்ளத்தின்போது வடிகால்களைப் பைகள் அடைத்துக்கொண்டது அதற்குப் பெரிய காரணம். தண்ணீர் வீட்டுக்குள் ஏறுகிற இடத்தில் 'காசு கொடுத்தால் பை உண்டு' என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ருவாண்டா 2008இல் தடை செய்தது. கென்யா 2017இல் தடை கொண்டுவந்தபோது 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம் அல்லது 4 ஆண்டு வரை சிறை என்று சட்டத்தில் எழுதியது. அரசாங்கம் உறுதியாக நின்று, எல்லையிலும் தயாரிப்பு ஆலையிலும் கண்காணித்தால் தடை பலன் தரும். கண்காணிப்பு தளர்ந்தால் பை திரும்பி வந்துவிடும். பங்களாதேஷிலேயே சட்டம் வந்து 20 ஆண்டுக்கு மேலான பிறகு, 2024இல் கடைகளிலும் சந்தைகளிலும் தடையை மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவர அரசு இறங்க வேண்டியிருந்தது.

தடையில் எனக்கு உறுத்தும் விஷயம் வேறு. எதைத் தடுக்கிறோம் என்பதைச் சட்டத்தில் எழுதியாக வேண்டும். எழுதிய அடுத்த நாளே அதற்குச் சற்று வெளியே ஒரு பை முளைத்துவிடும். சிகாகோ நகரம் 2015இல் மெல்லிய பைகளைத் தடை செய்தது. கடைகள் என்ன செய்தன? 'மறுபடி பயன்படுத்தலாம்' என்று அச்சடித்த தடித்த பிளாஸ்டிக் பையை இலவசமாகவே கொடுத்தன. மக்களும் அதை ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போட்டார்கள். பை ஒவ்வொன்றிலும் முன்பைவிட அதிக பிளாஸ்டிக் போனதுதான் மிச்சம். நகரம் அந்தத் தடையையே விலக்கிக்கொண்டு, 2017 பிப்ரவரியில் தாள் பை, பிளாஸ்டிக் பை இரண்டுக்கும் 7 சென்ட் வரி போட்டது. பைப் பயன்பாடு அதற்குப் பிறகுதான் கண்கூடாக இறங்கியது. ஒரே ஊர், அதே கடைகள், இரண்டு வழிகளையும் அடுத்தடுத்து பார்த்துவிட்டன. எங்கள் முடிவில் அதிக எடை பெற்ற உதாரணம் இதுதான்.

இனி நான் சாயும் பக்கம். பைக்குக் காசு வாங்குவதில் தொகை எவ்வளவு என்பதைவிட, அந்தத் தொகை எங்கே, யார் கண்ணில் படுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டென்மார்க் 1994இலிருந்து பைகளுக்கு வரி வாங்குகிறது. ஆனால் வரி கட்டுவது தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும், அதுவும் எடைக் கணக்கில். கடைக்காரர் அதை வாங்குகிறவர் தலையில் ஏற்றுவாரா, தானே சுமப்பாரா என்பது வெகுகாலம் அவர் பாடாகவே இருந்தது. பைப் பயன்பாடு அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சாதாரணச் சாதனை இல்லை. ஆனால் அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே 2002 மார்ச் மாதம் பைக்கு 15 சென்ட் என்று வந்தபோது, அதை வாங்குகிறவரிடம்தான் வசூலிக்க வேண்டும், பில்லில் தனியாக எழுதிக் காட்ட வேண்டும் என்பதும் சேர்ந்தே வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 328 பை என்று இருந்தது 21க்கு இறங்கியது. அதற்கு முன்பு ஒரு கணக்கெடுப்பில் பைக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மக்கள் சொன்ன தொகையின் சராசரி இரண்டரை சென்ட்கூட இல்லை. அரசு அதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் வைத்தது. மக்கள் கொடுக்க விரும்பும் தொகையை வசூலிப்பது அதன் நோக்கமே இல்லை. யாரும் கொடுக்க விரும்பாத தொகையைக் கேட்பதுதான் நோக்கம்.

எங்கள் கல்லாவிலும் இதையேதான் பார்க்கிறேன். முன்பெல்லாம் பில் போடுகிறவர் ஒரு கையால் பொருளை நகர்த்திக்கொண்டே மறு கையால் கொக்கியிலிருந்து பையைக் கிழித்து, விரல் நுனியால் தேய்த்து வாயைப் பிரித்துவிடுவார். கனமான சாமான் என்றால் கேட்காமலே பைக்குள் இன்னொரு பை. வாங்குகிறவர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. இப்போது கொக்கியே கிடையாது, பைகள் கல்லாவுக்குக் கீழே இருக்கின்றன. முதல் பொருளைத் தொடுவதற்கு முன்பே "பை வேணுங்களா? பைக்குத் தனியா காசு" என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி விழுந்ததும் ஒரு நொடி நிற்கிறார்கள். ஒருவர் சோப்பையும் பேஸ்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். இன்னொருவர் சாமானையெல்லாம் ஹெல்மெட்டுக்குள் அடுக்கிக்கொண்டு கிளம்புகிறார். காசு இல்லாததால் அல்ல. பையே தேவையில்லை என்பது அந்த ஒரு நொடியில்தான் அவர்களுக்குத் தோன்றுகிறது.

இதே கேள்வியைக் கடைசியில் கேட்டால் கதை வேறு. சாமானைப் பையில் போட்டு முடித்து, பில் நீட்டும்போது பைக்கும் சேர்த்திருக்கிறது என்றால் அது ஏமாற்று வேலையாகத் தெரியும். கல்லாவில் வரிசை நிற்கும், குரல் உயரும், ஆனால் பை மட்டும் குறையாது. காசு வாங்கத் தொடங்கும் கடைகளில் பாதிச் சண்டை இந்தக் கேள்வி முன்பின்னாக மாறிப்போவதால் வருவதுதான் என்பது என் அபிப்பிராயம்.

கண்ணில் பட்டால் மட்டும் போதாது, தொடர்ந்து பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தென் ஆப்பிரிக்கா 2003 மே மாதம் கட்டாய விலை கொண்டுவந்தபோது பை அந்நாட்டு நாணயத்தில் 46 சென்ட். பைப் பயன்பாடு சட்டென்று விழுந்தது. அப்புறம் தொழில் துறையின் நெருக்குதலில் விலை இறங்கியது. விலைவாசி ஏற ஏற, பைக்குக் கொடுக்கும் காசு இருக்கிற இடம் தெரியாமல் போனது. பைகள் மெல்லத் திரும்பி வந்தன. அயர்லாந்திலும் சில ஆண்டுகளில் எண்ணிக்கை கொஞ்சம் ஏறத்தான் செய்தது. ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்காமல் 2007இல் கட்டணத்தை 22 சென்ட்டாக உயர்த்தினார்கள். இங்கிலாந்து 2015இல் 5 பென்ஸில் தொடங்கி 2021இல் 10 பென்ஸுக்குப் போனது. முதலில் 250 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு இருந்த விலக்கையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். கட்டணம் என்பது ஒருமுறை அறிவித்துவிட்டு மறந்துவிடும் காரியமில்லை. தண்ணீர்த் தொட்டியைப்போல, அவ்வப்போது இறங்கிக் கழுவினால்தான் உண்டு.

என் கட்சிக்கு எதிராகவும் வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இங்கிலாந்தின் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் 2014இல் 760 கோடி மெல்லிய பைகள் கொடுத்திருந்தன. 2019-20இல் அது 22.6 கோடி. கேட்கப் பிரமாதம். ஆனால் அதே காலத்தில் 'ஆயுள் பை' என்ற பெயரில் விற்ற தடித்த பைகள் கோடிக்கணக்கில் போயின. சில பென்ஸ் கூடக் கொடுத்தால் கனமான பை கிடைக்கும் என்றால், அதை வாங்கி அதையும் தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். கலிபோர்னியாவில் இது இன்னும் மோசம். மெல்லிய பைக்குத் தடை, தடித்த பைக்குக் குறைந்தது 10 சென்ட் என்று அங்கே சட்டம் இருந்தது. அந்தத் தடித்த பை 22 பவுண்டு எடையை 175 அடி தூரம் 125 முறை தூக்கத் தாங்க வேண்டும் என்றுகூட எழுதிவைத்தார்கள். பை தாங்கியது, மக்கள்தான் 125 முறை தூக்கவில்லை. 2014இல் குப்பைக்குப் போன பிளாஸ்டிக் கடைப்பைகளின் மொத்த எடையைவிட 2022இல் போனது அதிகம். கடைசியில் 2024இல் இன்னொரு சட்டம் போட்டு, 2026 தொடக்கத்திலிருந்து தடித்த பைக்கும் வழியை அடைத்தார்கள்.

10 சென்ட் அங்கேயும் வாங்கினார்களே என்று கேட்டால், வாங்கினார்கள்தான். ஆனால் கனமான பைக்கு அந்த விலை மிக மலிவு. இதற்கும் அயர்லாந்தின் விதியில் பதில் இருக்கிறது. மறுபடி பயன்படுத்தும் பை என்று சொல்லி வரியிலிருந்து விலக்குப் பெற வேண்டுமானால், அந்தப் பையைக் குறைந்தது 70 சென்ட்டுக்கு விற்க வேண்டும். 22 சென்ட்டுக்கும் 70 சென்ட்டுக்கும் நடுவே நழுவ இடமில்லை. எங்கள் கடையிலும் தடித்த பையின் விலையை மெல்லிய பையின் விலையிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் வைத்திருக்கிறோம்.

துணிப்பைதான் தீர்வு என்று அடித்துச் சொல்கிறவர்களும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமடைதலை மட்டும் அளவுகோலாக எடுத்தால், ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் ஒருமுறை பயன்படுத்திய மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். தாள் பைக்கு 3 முறை, தடித்த பாலித்தீன் பைக்கு 4, துணிபோல் தோன்றும் நெய்யாத பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் பைக்கு 11. இது கடலிலும் சாக்கடையிலும் மிதப்பதைச் சேர்க்காத கணக்கு. ஆனாலும் பொருள் இதுதான்: வீட்டில் ஏற்கெனவே தொங்கும் பையை எடுத்து வரச் செய்வதுதான் லாபம். கடை பெயர் போட்ட புதுத் துணிப்பையை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பதில் அந்த லாபம் இல்லை. அப்படிக் கொடுக்கலாம் என்று எங்கள் கூட்டத்திலும் ஒரு யோசனை வந்தது. இந்த எண்ணைச் சொன்னதும் அடங்கிவிட்டது.

இலவசப் பை நின்றால் குப்பை கட்ட வேறு பை வாங்குவார்கள் என்ற வாதமும் உண்மைதான். கலிபோர்னியாவில் தடை வந்த இடங்களில் சிறிய குப்பைப் பைகளின் விற்பனை இரண்டு மடங்குக்கும் மேல் போனதாகப் பொருளியலாளர் ரெபெக்கா டெய்லர் காட்டினார். கடைப்பையில் மிச்சமான பிளாஸ்டிக்கில் ஏறக்குறைய 30 சதவீதம் அந்த வழியே திரும்பிவிட்டது. ஆக, மீதி 70 சதவீதம் மிச்சம். கட்டணத்தில் இந்தக் கசிவு குறைவாக இருக்கும் என்பது என் ஊகம் மட்டுமே. குப்பைக்குப் பை வேண்டும் என்கிறவர் அந்தக் காசைக் கொடுத்துக் கடைப்பையையே வாங்கிக்கொண்டு போய்விடலாமே.

என் அனுபவம் செல்லாத இடமும் உண்டு. நான் சொல்வதெல்லாம் பில், கல்லா, வரிசை உள்ள கடைக்கு. தள்ளுவண்டியிலும் சந்தையிலும் பில்லும் கிடையாது, பைக் காசைத் தனியாக எழுதிக் காட்டவும் வழி கிடையாது. அங்கே விற்கிறவர் போட்டிக்குப் பயந்தாவது பையை இலவசமாகத்தான் கொடுப்பார். அப்படிப்பட்ட வியாபாரம் பெரும்பான்மையாக நடக்கும் நாட்டில், பை தயாராகும் இடத்திலேயே பிடிக்கும் தடைதான் பொருத்தமாக இருக்கலாம். அதை நான் மறுக்க மாட்டேன்.

வசூலாகும் காசு யாருக்கு என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அயர்லாந்தில் அது சுற்றுச்சூழல் காரியங்களுக்கான அரசு நிதிக்குப் போகிறது. வாஷிங்டனில் 5 சென்ட்டில் பெரும்பகுதி அனகோஸ்டியா ஆற்றைச் சுத்தப்படுத்தப் போகிறது. இங்கிலாந்தில் அது வரியில்லை, கடைகளிடமே இருக்கும், நற்காரியங்களுக்குக் கொடுப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. காசு கடையின் வருமானமாகிவிட்டால், பையை விற்கத்தான் கை போகும். அதனால் எங்கள் கணினியில் அதற்குத் தனித் தலைப்பு போட்டிருக்கிறோம். பை வாங்கின செலவு போக மிஞ்சுவது கடை லாபத்தில் சேராது. எவ்வளவு வந்தது, எங்கே போனது என்பதை வாசலில் எழுதி ஒட்டுகிறோம். கல்லாவில் இருப்பவர்கள் எத்தனை பை விற்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு அனுப்பும் சரக்குக்கு மட்டும் இன்னும் வழி பிடிபடவில்லை. அங்கே கேட்க ஆளில்லை, நிற்க ஒரு நொடியும் இல்லை. இப்போதைக்குச் சரக்கு வந்த அட்டைப்பெட்டிகளிலேயே கட்டி அனுப்புகிறோம்.