அப்பா ஊதிய மூன்று ஊதல்கள்

அரிசி ஆலைத் தூசியில் முப்பது வருடம் உழைத்த அப்பாவை, மஞ்சக்குப்பத்தில் ஒரு பரிசோதனை மையத்துக்கு, ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை எடுக்க அழைத்துப் போனேன். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை உதடுகளால் இறுகக் கவ்வச் சொன்னார் அங்கிருந்த பெண். "ஊதுங்கள் ஐயா, இன்னும், இன்னும்!" என்று ஆறு விநாடியும் கூடவே நின்று குரல் கொடுத்தார். முதல் தடவை இருமலில் கெட்டது. மூன்று நல்ல ஊதல்கள் கிடைக்கும்வரை அவர் அலுக்கவில்லை. இந்தச் சோதனைக்கு இயந்திரத்தைவிட அந்தப் பொறுமைதான் பெரிது.

மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உள்ளிழுக்கவைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார்கள். முழு மூச்சில் முதல் விநாடியிலேயே வெளிவரும் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் மூச்சுக்குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். அப்பாவுக்கு 61.

ஒரு குறை: காலையில் இன்ஹேலர் எடுக்கக் கூடாது என்று முன்பதிவின்போதே சொல்லியிருக்கலாம். முதல் நாள் வீணாகத் திரும்பினோம்.