எழுத்து முடித்த பெண்ணுக்கு பியான்சே வீசா: மட்டக்களப்பிலிருந்து ஓர் எச்சரிக்கை

பிரித்தானியப் பிரஜை ஒருவரைத் திருமணம் செய்து அவருடைய நாட்டுக்குப் போவதற்காக மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ முகவரிடம் பணம் கட்ட ஆயத்தமாகும் குடும்பங்கள் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நாங்கள் 18 இலட்சம் ரூபாய் கொடுத்து, எங்களுக்குச் சற்றும் பொருந்தாத பியான்சே வீசாவுக்கு, அதாவது இனித்தான் மணம் முடிக்க இருப்பவருக்கான வீசாவுக்கு, விண்ணப்பித்தோம். அது பொருந்தாது என்பது விண்ணப்பம் அனுப்பப்பட்ட அன்றே எவரும் அறிந்திருக்கக் கூடிய விடயம்.

நான் கல்லடியைச் சேர்ந்தவள். என் கணவரின் பெற்றோர் களுவாஞ்சிகுடிப் பக்கத்தவர்கள். அவர் லண்டனில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே வழக்கம் என்பதால், நான் புறப்பட்டுப் போவது என்ற முடிவை அம்மா ஏற்றுக்கொள்ளவே பல மாதங்கள் ஆயின. 2023 ஓகஸ்டில் அவர் 12 நாள் விடுமுறையில் வந்தபோது எழுத்தை, அதாவது பதிவாளர் முன்னிலையிலான விவாகப் பதிவை, முடித்தோம். தாலி கட்டை அடுத்த ஆண்டு ஆவணியில் மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் வைத்துக்கொள்வதாக இரு வீட்டாரும் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி பிரித்தானிய அரசாங்கம், வாழ்க்கைத்துணையை அழைப்பவரின் ஆகக் குறைந்த ஆண்டு வருமானத்தை 18,600 பவுணிலிருந்து 38,700 பவுணாக உயர்த்தப்போவதாக அறிவித்தது. பின்னர் அதே மாதத்தில், முதற்கட்டமாக 29,000 பவுண் என்று மாற்றிச் சொன்னார்கள். என் கணவரின் சம்பளம் 23,400 பவுண். பழைய தொகைக்கு அது போதும், புதியதற்குப் போதாது. ஆகவே புதிய விதி நடைமுறைக்கு வருமுன் சரியான விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது ஒன்றே எங்களுக்கு முக்கியமாக இருந்தது. அந்த அவசரத்தில்தான், உறவினர் ஒருவர் சொன்னதன்பேரில், 2024 ஜனவரித் தொடக்கத்தில் நகரத்தில் உள்ள ஒரு முகவரின் அலுவலகத்துக்கு அப்பாவும் நானும் போனோம்.

அவர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "தாலி இன்னும் ஏறவில்லைதானே மகள், அப்போ நீங்கள் இன்னும் கலியாணம் முடிக்காதவர்தான், பியான்சே வீசா போட்டால் கெதியா வரும்" என்றார். எங்கள் ஊரின் பேச்சுவழக்கும் அதுதான். எழுத்து முடிந்த பெண்ணை யாரும் கலியாணம் முடித்தவள் என்று சொல்வதில்லை. தாலி ஏறும்வரை அவள் தாய் வீட்டுப் பெண்தான். அதனால் அவர் சொன்னது அப்பாவுக்கும் எனக்கும் முற்றிலும் நியாயமாகப் பட்டது.

ஆனால் சட்டம் ஊர்வழக்கைக் கேட்பதில்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவாளர் முன்னிலையில் இருவரும் கையொப்பமிட்ட நாளிலேயே நாங்கள் கணவன் மனைவி ஆகிவிட்டோம். நடந்த நாட்டில் செல்லுபடியாகும் திருமணத்தைப் பிரித்தானியாவும் திருமணமாகவே கொள்கிறது. பியான்சே வீசாவோ, இன்னும் மணம் முடிக்காமல், அங்கே போய் 6 மாதத்துக்குள் மணம் முடிக்க இருப்பவருக்கு உரியது. கையொப்பமிட்ட கணத்திலேயே எங்களுக்கு அந்த வழி மூடப்பட்டுவிட்டது. மணமான வாழ்க்கைத்துணைக்குரிய ஸ்பவுஸ் வீசா ஒன்றே எஞ்சியிருந்தது. காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது வாசகர்களுக்கும் இது பொருந்தும்: நிக்காஹ் நடந்து பதிவாகியிருந்தால், வலீமா விருந்தும் பெண்ணை அழைத்துப் போவதும் எத்தனை மாதம் தள்ளிப்போனாலும் நீங்கள் மணமானவர்தான்.

எழுத்து முடிக்காதவர்களும் பியான்சே வீசாவைக் கெட்டித்தனமான குறுக்கு வழியாக எண்ண வேண்டாம். அதில் போனவர் வேலை செய்ய முடியாது. அங்கே மணம் முடித்த பின் மீண்டும் ஒரு விண்ணப்பம், மீண்டும் ஒரு கட்டணம், அத்துடன் அந்நாட்டு அரச மருத்துவச் சேவைக்காக வீசாவுடன் கட்டும் சுகாதாரக் கட்டணம் என்று செலவு தொடரும். ஸ்பவுஸ் வீசாவில் போகிறவருக்கு முதலிலேயே 33 மாத அனுமதி கிடைக்கிறது, போன உடனே வேலை செய்யலாம். இதே முகவர் வேறொரு குடும்பத்திடம், "விசிட் வீசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னதையும் பின்னர் கேள்விப்பட்டேன். விசிட் வீசாவில் போனவர் அங்கிருந்தபடி வாழ்க்கைத்துணை வீசாவுக்கு மாறுவதை விதிகள் அனுமதிப்பதில்லை.

பணக் கதையைச் சொல்ல வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 1,846 பவுணுக்கு ஏழரை இலட்சம், சுகாதாரக் கட்டணத்துக்கு இன்னொரு ஏழரை இலட்சம், அவருடைய வேலைக்கு 3 இலட்சம். அம்மாவின் நகைகளை அடகு வைத்துத்தான் கொடுத்தோம். கையால் எழுதிய ஒரு துண்டில் மொத்தத் தொகை மட்டும் இருந்தது. எதற்கு எவ்வளவு என்று இல்லை. 6 மாதத்துக்கு மட்டுமே உரிய பியான்சே வீசாவுக்குச் சுகாதாரக் கட்டணமே கிடையாது என்பதை நான் அறிந்துகொண்டபோது எல்லாம் முடிந்திருந்தது. வாங்கிய அந்த ஏழரை இலட்சம் எந்த அரசாங்கத்துக்கும் போய்ச் சேரவில்லை.

நான் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பின் மருத்துவ நிலையத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்தேன். ஏ1 எனப்படும் ஆரம்ப நிலை ஆங்கிலத் தேர்வும் எழுதினேன். ஜனவரி 19ஆம் திகதி விண்ணப்பம் போனது. எங்கள் உறவுக்குச் சான்றாக முகவர் இணைத்த ஆவணங்களில் முதலாவதாக இருந்தது எங்கள் விவாகச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு. மணமாகாதவள் என்று படிவத்தில் எழுதிவிட்டு, மணமானதற்கான அத்தாட்சியை அதன் பின்னால் வைத்திருக்கிறார். அந்தச் சான்றிதழ் உள்ளே இருந்ததனால்தான் என்மீது ஏமாற்று முயற்சி என்ற குற்றச்சாட்டு வரவில்லை என்று பின்னர் ஓர் ஆலோசகர் சொன்னார். பொய்த் தகவல் என்று முடிவாகியிருந்தால் 10 ஆண்டுகள் வரை விண்ணப்பங்கள் மறுக்கப்படும் நிலை வந்திருக்கலாம் என்றும் அவர் சொன்னபோது என் கை நடுங்கியது.

மறுப்புக் கடிதம் ஜூன் மாதத்திலேயே வந்திருந்தது, ஆனால் முகவரின் மின்னஞ்சலுக்கு. விண்ணப்பக் கணக்கைத் தன் மின்னஞ்சலில் திறந்து, கடவுச்சொல்லையும் தன்னிடமே வைத்திருந்தார். நாங்கள் கேட்கும்போதெல்லாம் "பரிசீலனையில் இருக்கிறது" என்றே பதில் வந்தது. ஓகஸ்டில் என் கணவர் நேரடியாகத் தொலைபேசியில் வற்புறுத்திய பிறகே கடிதத்தை அனுப்பினார். மேன்முறையீட்டுக்கு இருந்த 28 நாட்களும் அதற்குள் கடந்துவிட்டன. மேன்முறையீடு செய்திருந்தால் வென்றிருப்போமா என்பது ஐயந்தான். ஆயினும் செய்வதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இந்த ஒரு தவறால் இழந்தது விண்ணப்பக் கட்டணம் மட்டுமல்ல. 2024 ஏப்ரல் 11ஆம் திகதி 29,000 பவுண் விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. ஜனவரியில் ஸ்பவுஸ் வீசாவுக்கு விண்ணப்பித்திருந்தால் என் கணவரின் அன்றைய சம்பளமே போதியதாக இருந்திருக்கும். சுகாதாரக் கட்டணமும் அப்போது 1,872 பவுண். பெப்ரவரி 6ஆம் திகதியிலிருந்து அது 3,105 பவுண் ஆனது. வருமானக் குறையை நிரப்புவதற்காக அவர் செப்டெம்பரிலிருந்து சனி, ஞாயிறுகளில் ஒரு களஞ்சியசாலையில் இரண்டாவது வேலை செய்தார். 6 மாதச் சம்பளச் சீட்டுகள் சேரும்வரை காத்திருந்தோம். 6 மாதமே செல்லுபடியாகும் காசநோய்ச் சான்றிதழ் காலாவதியாகி, நான் மீண்டும் கொழும்புக்குப் போனேன். ஆவணியில் நடக்க வேண்டிய தாலி கட்டும் நின்றுபோனது.

முகவரின் சுவரில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியக அனுமதிப்பத்திரம் ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. அதைப் பார்த்தே அப்பா நம்பினார். அந்த அனுமதி வேலைக்கு ஆட்களை அனுப்புவதற்கானது. குடும்ப வீசா பற்றி ஆலோசனை சொல்ல அது எவருக்கும் எந்தத் தகுதியையும் தருவதில்லை. பொலிசில் முறையிட்ட பின் 4 இலட்சம் திருப்பித் தந்தார். மீதி இன்றுவரை வரவில்லை.

இரண்டாம் முறை என் கணவர் அங்கேயே, அரசாங்கத்தில் பதிவுபெற்ற ஆலோசகர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் கட்டணம் செலுத்திப் பேசினார். பிரித்தானியாவில் பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை வழங்குவது குற்றம் என்பதால், பதிவுபெற்றவர்களின் பட்டியலை எவரும் இணையத்தில் பார்க்க முடியும். படிவத்தை நாங்கள் இருவருமே நிரப்பினோம். 2025 மார்ச்சில் அனுப்பினோம், ஜூனில் வீசா வந்தது.

உங்களுடைய விண்ணப்பம் இப்போது ஒரு முகவரின் கையில் இருந்தால், இன்றே அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். திருமண நிலை என்ற இடத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, எந்த மின்னஞ்சல் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் உங்கள் கண்ணால் பாருங்கள். பிரதி தர மறுத்தால் பணம் கட்டுவதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.