என் கைப்பேசி வேரூன்றிவிட்டதாம்

‘உங்கள் சாதனம் வேரூன்றியுள்ளது. பாதுகாப்பு காரணங்களுக்காக செயலி மூடப்படும்.’

ஒரு திங்கட்கிழமை காலை என் வங்கிச் செயலி இப்படிச் சொல்லிவிட்டு, நான் ‘சரி’ என்ற பொத்தானைத் தொடும் முன்பே தானாக மூடிக்கொண்டது. மதுரையில் முப்பது ஆண்டுகளாக அச்சகம் நடத்துகிறேன். மெய்ப்புத் திருத்தியே பழகிய கண் என்பதால், கதவு சாத்தப்பட்டது உறைப்பதற்கு முன்பே ஒரு ‘க்’கும் ஒரு ‘ச்’சும் விடுபட்டிருப்பதுதான் உறுத்தியது. ‘பாதுகாப்புக் காரணங்களுக்காகச் செயலி’ என்றல்லவா வர வேண்டும்! அதன் பிறகுதான், வேரூன்றுவதற்கு இது என்ன ஆலமரமா என்று தோன்றியது.

ஆங்கிலத்தில் ‘ரூட்’ என்று இருந்ததை ஏதோ ஓர் இயந்திரம் அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறது. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் எல்லா அதிகாரமும் கொண்ட பயனருக்கு ரூட் என்று பெயர். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது அந்த வகையைச் சேர்ந்த லினக்ஸ். தயாரிப்பாளர் போட்ட பூட்டைத் திறந்து அந்த முழு அதிகாரத்தையும் நாமே எடுத்துக்கொள்வதைத்தான் ரூட் செய்வது என்கிறார்கள். அப்படிச் செய்த கைப்பேசியில் ஒரு செயலி இன்னொன்றின் பெட்டிக்குள் கைவிட முடியும் என்பதால் வங்கிகள் அஞ்சுகின்றன. அதில் நியாயம் உண்டு. ஆனால் என் கைப்பேசியில் நான் செய்த பெரிய மாற்றம், எழுத்தின் அளவைக் கூட்டியதுதான்.

மூன்று ஆண்டுகளாக இந்தச் செயலியைக் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. பணம் அனுப்பினால் போய்ச் சேரும். கணக்கு விவரத்தைப் பிடிஎஃப் ஆகத் தரும். என் தணிக்கையாளருக்கு அதுவே போதும். முகப்புப் பக்கத்துக்குப் போகும் பொத்தானில் ‘வீடு’ என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவேன்.

இந்த முறை சிரிக்க முடியவில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ் வேலை குவிந்து கிடந்தது. சிவகாசியில் அட்டை வாங்கும் கடைக்கு 38,400 ரூபாய் அன்றே அனுப்பியாக வேண்டும். பதற்றத்தில் நான் செய்த முதல் காரியமே தவறு: செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன். இந்தக் கோளாறு வந்தவர்கள் தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வங்கிச் செயலி நம் சிம் அட்டையோடும் கைப்பேசியோடும் கட்டப்பட்டிருக்கிறது. நீக்கினால் அந்தக் கட்டு அறுந்துவிடும். மறுபடி கட்டுவதற்கு நம் எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். அந்தப் படிக்கு வருவதற்குள் ‘வேரூன்றியுள்ளது’ என்று கதவு சாத்தப்படுகிறது. கடைசியில் காசோலையை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், நெஃப்ட் படிவம் நிரப்பி, வரிசையில் நின்று அனுப்பினேன். இணைய வங்கிச் சேவைக்கு முன்பே பதிவு செய்து வைத்திருந்தால் அந்த அலைச்சலும் மிச்சமாகியிருக்கும்.

வாடிக்கையாளர் சேவை மையத்தை மூன்று முறை அழைத்தேன். முதலில் பேசியவர், “ரூட்டை நீக்கிவிடுங்கள் சார்” என்றார். இல்லாததை எப்படி நீக்குவது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டாமவர் செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவச் சொன்னார். மூன்றாமவர் மிகவும் பணிவாக, “வேறு கைப்பேசி வாங்கிப் பாருங்கள் சார்” என்றார். புகார் எண் ஒன்று கிடைத்தது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம் என்பது தெரியும். முப்பது நாள் காத்திருந்தால் முகூர்த்தமே முடிந்துவிடும்.

என் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் தம்பிதான் இதைக் கையில் எடுத்தான். பிளே ஸ்டோருக்குள் அமைப்புகளில், ‘அறிமுகம்’ என்ற பகுதிக்குப் போய், கைப்பேசி கூகுளின் சோதனையில் தேறியதா என்று சொல்லும் பிளே ப்ரொடெக்ட் சான்றிதழ் என்ற வரியைக் காட்டினான். சாதனம் சான்றளிக்கப்பட்டது என்று இருந்தது. பூட்டைத் திறந்த கைப்பேசி என்றால் இயக்கும்போதே திரையில் எச்சரிக்கை வரும். எனக்கு அதுவும் இல்லை. இன்னொரு வங்கியின் செயலி அதே கைப்பேசியில் ஒழுங்காக ஓடியது.

“அப்புறம் எதை வைத்து இது ரூட் என்கிறது?” என்றேன்.

“அடையாளங்களை வைத்து ஊகிக்கிறது அண்ணே. ரூட் அதிகாரம் தரும் ‘எஸ்யு’ என்று இரண்டெழுத்தில் ஒரு கோப்பு இருக்கிறதா, ரூட் செய்ய உதவும் மேஜிஸ்க் போன்ற செயலி இருக்கிறதா என்று தேடும். சில கைப்பேசிகளில் தொழிற்சாலையிலேயே மறந்து விட்டுப்போன பிஸிபாக்ஸ் என்ற லினக்ஸ் கட்டளைத் தொகுப்புக் கோப்பைப் பார்த்துக்கூடக் கத்தியிருக்கிறது.”

செயலி உருவாக்குபவர்களுக்காக மறைத்து வைத்திருக்கும் டெவெலப்பர் விருப்பங்கள் என்ற அமைப்பு திறந்திருந்தாலும் சில வங்கிச் செயலிகள் முரண்டு பிடிக்கும் என்றான். எனக்கு அது திறந்துதான் இருந்தது. என்றோ படங்களைக் கணினிக்கு மாற்றும்போது, அமைப்புகளில் பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு முறை தட்டி அவனே திறந்து வைத்ததாம்! மூடினோம். மறுதொடக்கம் செய்தோம். அதே வேர்.

அப்போதுதான் என் மனைவியின் கைப்பேசி நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே தீபாவளிக்கு வாங்கியவை. ஒரே மாதிரி, ஒரே ஆண்ட்ராய்டு பதிப்பு. அதில் இதே வங்கிச் செயலி சத்தமில்லாமல் திறந்தது. ஆக, குற்றம் கைப்பேசியின் மாதிரியில் இல்லை. என் கைப்பேசிக்குள் நான் வைத்திருக்கும் எதிலோ இருக்கிறது. பிறகென்ன, அச்சகத்து வழக்கப்படி ஒப்புநோக்கினோம். மூலப்படியை ஒருவர் வாசிக்க, மற்றவர் மெய்ப்பில் விரலோட்டிக்கொண்டே வருவதுபோல, மனைவியின் கைப்பேசியிலிருந்த செயலிகளின் பெயர்களை அவன் வாசித்தான். நான் என்னுடையதில் பார்த்து வந்தேன். அதில் இல்லாத ஒன்பது செயலிகள் என்னிடம் மிஞ்சின. ஒவ்வொன்றாக நீக்கி வங்கிச் செயலியைத் திறந்தோம். பஞ்சாங்கம், இல்லை. எழுத்துரு காட்டும் செயலி, இல்லை. செய்தித்தாள், இல்லை. நான்காவதாக, வீட்டிலிருந்தே அச்சகத்துக் கணினியைப் பார்ப்பதற்காக வைத்திருந்த தொலை இயக்கச் செயலியை நீக்கினோம். வங்கி கதவைத் திறந்தது!

வேரும் இல்லை, விழுதும் இல்லை. தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்று இருந்ததுதான் விஷயம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இத்தகைய செயலியை நிறுவ வைத்து, திரையில் வரும் ஓடிபியைப் படித்துப் பணத்தைச் சுருட்டும் கூட்டம் இருக்கிறது. 2021 பிப்ரவரி 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட மின்னணுப் பணப்பரிவர்த்தனைப் பாதுகாப்பு நெறிகளிலேயே, இவற்றை இயன்றவரை கண்டறிந்து உள்நுழைவதைத் தடுக்க வழி இருக்க வேண்டும் என்று உள்ளது. என் வங்கிச் செயலியின் புதிய பதிப்பில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்தது சரி. ‘தொலை இயக்கச் செயலி உள்ளது, அதை நீக்குங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். எல்லாத் தடைக்கும் அந்த ஒரே வாக்கியத்தைப் போட்டு வைத்ததால் ஒன்பது நாள் போனது. அதன் பிறகும், புதிதாகப் பதிவு செய்ததால் முதல் 24 மணி நேரத்துக்கு யுபிஐயில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியவில்லை. சிவகாசிக்காரரின் அடுத்த பாக்கிக்கும் காசோலைதான்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். ஒன்று, பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்வதற்கு. இன்னொன்று, தமிழில் தர வேண்டும் என்று நினைத்ததற்கு. தொலை இயக்கச் செயலியை இப்போது வங்கிக் கணக்கு எதுவும் இல்லாத பழைய கைப்பேசியில் வைத்திருக்கிறேன்.

புகாருக்கு, ‘தங்கள் குறை தீர்க்கப்பட்டது’ என்று பத்தாம் நாள் குறுஞ்செய்தி வந்தது. விடவில்லை. அந்த எச்சரிக்கையைத் தாளில் அச்சிட்டு, மெய்ப்பு போலவே சிவப்பு மையில் திருத்தி, ‘வேரூன்றியுள்ளது’ என்பதை அடித்துவிட்டு, பொருத்தமான வாக்கியத்தை ஓரத்தில் எழுதிப் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பினேன். அடுத்த மாதம் புதிய பதிப்பு வந்தது. சோதித்துப் பார்ப்பதற்காகவே தொலை இயக்கச் செயலியை மீண்டும் ஏற்றினேன்.

‘உங்கள் சாதனம் வேரூன்றியுள்ளது. பாதுகாப்புக் காரணங்களுக்காகச் செயலி மூடப்படும்.’