பி-கில்லா, கில்ஆலா?

லினக்ஸ் சர்வரில் தொங்கி நிற்கும் ஒரு புராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலை, நிறுத்த வேண்டுமென்றால் பலருடைய விரல்கள் பழக்கத்தில் புராசஸ்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ அடித்து, அதைக் ‘கிரெப்’பில் வடிகட்டி, கிடைத்த புராசஸ் எண்ணை நிறுத்தும் கட்டளையான ‘கில்’லிடம் கொடுக்கின்றன. தேடும் சொல் கிரெப்பின் கட்டளை வரியிலும் இருப்பதால், பட்டியலில் கிரெப்பே வந்து உட்கார்ந்துகொள்ளும். 1998-இல் சொலாரிஸ் 7 என்ற யூனிக்ஸ் இயங்குதளத்துடன் வந்த, பெயரை வைத்துத் தேடும் பி-கிரெப், நிறுத்தும் பி-கில் இரட்டையர் இந்தத் தொல்லையை ஒழித்தார்கள். பி-கிரெப் தன்னைத் தானே ஒருபோதும் காட்டாது.

உண்மையான போட்டி பி-கில்லுக்கும், பெயரை வைத்தே நிறுத்தும் இன்னொரு கட்டளையான கில்ஆலுக்கும்தான். லினக்ஸில் கில்ஆல் முழுப் பெயர் பொருந்தினால்தான் கை வைக்கும். பி-கில்லுக்குப் பெயரின் ஒரு துண்டு போதும். தொலைவிலிருந்த ஒரு சர்வரில் சிக்கிக்கொண்ட எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழையும் வழி) சுரங்க இணைப்பை நிறுத்த நினைத்து, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக இருந்தபடி ‘பி-கில் எஸ்எஸ்ஹெச்’ என்று அடித்தேன். சர்வரில் அந்த இணைப்புகளை ஏற்கும் நிரலான எஸ்எஸ்ஹெச்டி என்ற பெயருக்குள்ளும் அந்த எழுத்துகள் இருக்கின்றன அல்லவா? என்னைத் தாங்கிக்கொண்டிருந்த இணைப்பே அறுந்தது; திரை அப்படியே உறைந்து நின்றது. ‘-எக்ஸ்’ சேர்த்திருந்தால் முழுப் பெயரை மட்டும் பார்த்திருக்கும்.

அதற்காகக் கில்ஆலே பத்திரமானது என்று சொல்லிவிட மாட்டேன். சொலாரிஸில் அதே பெயருள்ள கட்டளை, ரூட்டாக ஓட்டினால், ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்திவிடும். கணினியை அணைக்கும்போது பயன்படுவதற்காக இருப்பது அது. பல வகை யூனிக்ஸில் வேலை செய்பவர்கள் பி-கில்லோடு இருப்பதே நல்லது.

பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், புராசஸின் பெயரில் 15 எழுத்துகளை மட்டுமே வைத்திருக்கும். ‘க்னோம்-டெர்மினல்-சர்வர்’ என்று ஆங்கிலத்தில் முழுதாக அடித்தால் 21 எழுத்துகள். பி-கிரெப் வெறுங்கையோடு திரும்பும். பைத்தான் நிரல்களின் கதை வேறு. பெரும்பாலும் எல்லாமே ‘பைத்தான்3’ என்றே தெரியும். இரண்டுக்கும் மருந்து, கட்டளை வரி முழுவதையும் தேடும் ‘-எஃப்’. ஆனால் எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரே வரியில் ‘பி-கில் -எஃப்’போடு வேறு கட்டளைகளையும் கோத்து அனுப்பினால், அந்த வரியை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல்லின் கட்டளை வரியிலும் தேடும் சொல் இருக்கும். ஷெல் செத்துவிடும், மீதிக் கட்டளைகள் ஓடாது.

கில்ஆலை நான் விடாமல் வைத்திருப்பது ‘-டபிள்யூ’வுக்காக. புராசஸ் உண்மையில் முடியும்வரை அது காத்திருக்கும். மறுதொடக்க ஸ்கிரிப்டில், பழையது தன் போர்ட்டை (பிணைய இணைப்புக்கான எண்ணை) விடுவதற்குள் புதியது வந்து மோதுவதில்லை. எதுவும் குறிப்பிடாவிட்டால் இரண்டு கட்டளைகளும் ‘முடித்துக்கொள்’ என்று சொல்லும் 15-ஆம் சிக்னலையே அனுப்பும். அதைப் பெறும் நிரலுக்குக் கோப்புகளை மூடிவிட்டுப் போக வாய்ப்பு உண்டு. 9-ஆம் சிக்னல் அந்த வாய்ப்பைத் தராது.

மற்ற நேரங்களில் முதலில், பொருந்தும் புராசஸ்களின் கட்டளை வரியையும் காட்டும் ‘பி-கிரெப் -ஏ’. வரும் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படிக்கிறேன். பிறகு மேல் அம்புக்குறியைத் தட்டி, ‘-ஏ’வை எடுத்துவிட்டு, கிரெப்பைக் கில் என்று மாற்றுகிறேன். தேடும் சொல்லைத் தொடுவதே இல்லை.