ஃபயர் பிட் வாங்குமுன் தராசில் ஏற்றிப் பாருங்கள்: கோத்தகிரியிலிருந்து ஓர் எச்சரிக்கை

ஃபயர் பிட் என்றால் வெட்டவெளியில் விறகு மூட்டிக் குளிர்காயும் தொட்டி. நாங்கள் வாங்கியது கறுப்புப் பெயின்ட் அடித்த, நாலு கால் வைத்த, இரண்டரை அடிச் சதுரத் தொட்டி. ஓரம் ஓரடி உயரம். "3 எம்எம் எம்எஸ் தகடு, ஹீட் ப்ரூஃப் பெயின்ட், பத்து வருஷத்துக்கு அசையாது மேடம்" என்று சொல்லி 18,500 ரூபாய்க்கு எங்களிடம் விற்றார்கள். எம்எஸ் என்றால் மேல்பூச்சு இல்லாத சாதா இரும்பு. வந்தது கூரைக்கும் ஏசி டக்டுக்கும் போடுகிற, துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு. அதில் மூட்டிய முதல் நெருப்பிலேயே என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தார். அதே தொட்டியின் படத்தைப் போட்டு எங்களிடம் விற்ற ஆள் இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறார். கோடை சீசனுக்கு முன்னால் மலையில் பலர் இதைத் தேடுவார்கள் என்பதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை, அதன் ஓரத்தில் விருந்தினர் தங்க இரண்டு அறைகள். டிசம்பர், ஜனவரியில் புல் மேல் உறைபனி விழும். வருகிறவர்கள் பையைக் கீழே வைக்குமுன் கேட்பது "கேம்ப் ஃபயர் உண்டா?" என்றுதான். வெறும் தரையிலேயே மூட்டி வந்தோம். புல்தரையில் கருகிய வட்டங்கள் கூடிக்கொண்டே போயின. காற்றடித்தால் தணல் தேயிலைப் பக்கம் பறந்தது. அதனால்தான் ஒரு நல்ல ஃபயர் பிட் வாங்கலாம் என்று முடிவு செய்தோம்.

ஆளைக் கண்டுபிடித்தது இணையத்தில். பட்டறை கீழே சமவெளியில். போனில் மரியாதையாகப் பேசினார், வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினார். 10,000 ரூபாய் அட்வான்ஸ் ஜிபேயில் போட்டோம். பத்து நாளில் வண்டியில் ஏற்றி அனுப்பினார். மீதி 8,500 ரூபாயை இறக்கிய கையோடு கொடுத்தோம். "சுத்தி அடுக்க அழகா இருக்கும்" என்று இரண்டு சாக்கு வழவழப்பான கூழாங்கல்லையும் 1,200 ரூபாய்க்குத் தலையில் கட்டினார். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, "அனுப்பி வைக்கிறேன்" என்றார். கையில் இருந்தது "ஃபயர் பிட் – 1" என்று எழுதிய துண்டுச் சீட்டு மட்டும்.

முதல் இரவு யூகலிப்டஸ் விறகை அடுக்கிப் பற்றவைத்தோம். கால் மணி நேரத்தில் பெயின்ட் கொப்புளித்து உரியத் தொடங்கியது. கண்ணைக் கரிக்கும் நாற்றம். புதுப் பெயின்ட், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். விறகு கொஞ்சம் ஈரம்; வீட்டுக்காரர் குனிந்து உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டே இருந்தார். தணல் நன்றாகச் சிவந்தபோது தொட்டியின் உள் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக மாவு போல ஒன்று படிந்திருந்தது. சாம்பல் என்றே எண்ணினோம்.

நடுராத்திரி அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. குளிர், காய்ச்சல், வறட்டு இருமல், வாயில் காசைச் சப்பியது போன்ற ருசி என்றார். விடிந்ததும் அழைத்துப் போனோம். மருத்துவர் கேட்ட இரண்டாவது கேள்வியே, "நேத்து வெல்டிங் வேலை ஏதாவது பாத்தீங்களா?" என்பதுதான். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்து இப்படி வருமாம். மெட்டல் ஃப்யூம் ஃபீவர் என்றார். மறுநாள் தணிந்துவிட்டது. அந்த ஓர் இரவு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர் வெல்டர் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுரண்டிப் பார்த்த உடனே சொன்னார்: "அக்கா, இது ஜிஐ. பெயின்ட்டுக்கு அடியில பூப்பூவா தெரியுது பாருங்க. ஜிஐயில வெல்டிங் அடிச்சா எங்களுக்கும் இந்தக் காய்ச்சல் வரும். அதுக்குத்தான் தள்ளி நின்னு அடிப்போம்." துருப்பிடிக்காமல் இருக்கத் தகட்டின் மேல் ஏற்றியிருக்கும் துத்தநாகம் 419 டிகிரியில் உருகிவிடும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். ஊதிச் சிவக்கவைத்த விறகுத் தணல் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். நாங்கள் சாம்பல் என்று நினைத்த வெள்ளை மாவு துத்தநாக ஆக்ஸைடு. கூரையில் கிடக்கும்வரை ஜிஐ நல்ல சாமான்தான். நெருப்பு மூட்டுகிற தொட்டிக்கு அதைப் போட்டவர் தெரியாமல் போட்டிருக்க வழியில்லை. தகட்டு வேலையே அவருடைய தொழில்.

கனமும் பொய். ஒரு சதுர அடி இரும்புத் தகடு, ஒரு எம்எம் கனத்துக்கு ஏறக்குறைய 730 கிராம் இருக்கும். எங்கள் தொட்டியின் அடியும் நாலு பக்கமும் சேர்த்து பதினாறேகால் சதுர அடி. 3 எம்எம் என்றால் தொட்டி மட்டுமே 35 கிலோவைத் தாண்ட வேண்டும். பச்சைத் தேயிலை எடை போடுகிற தராசில் ஏற்றினோம். கால்களோடு சேர்த்தே 16 கிலோ. "18 கேஜ் அக்கா, ஒன்று புள்ளி ரெண்டு எம்எம்தான்" என்றார் தம்பி. இறக்கும்போது இரண்டு பேர் சுலபமாகத் தூக்கினார்களே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அடித்தகடு ஒரே நெருப்பில் தொப்பை போட்டு நெளிந்துவிட்டது. தண்ணீர் வடிய ஓர் ஓட்டைகூட இல்லை. எங்கள் ஊர் மழைக்கு அது சாம்பலும் தண்ணீரும் ஊறுகிற தொட்டிதான்.

கூழாங்கல் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் தப்பித்தது தெய்வச் செயல். தணலைச் சுற்றி உள்ளே அடுக்கியிருந்த கற்களில் ஒன்று அந்த முதல் இரவே பட்டாசு போல வெடித்தது. சில்லு பறந்து, விருந்தினர் குழந்தை போர்த்தியிருந்த சால்வையில் விழுந்து ஓட்டை போட்டது. ஆற்றில் கிடந்த கல்லுக்குள் ஈரம் ஊறியிருக்கும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் கல்லைப் பிளந்துகொண்டு வரும். அந்தக் குழந்தையின் முகத்துக்கும் சால்வைக்கும் ஒரு சாண் இடைவெளி. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

விற்றவரிடம் பேசினோம். முதலில், "ரெண்டு மூணு தடவை எரிச்சா சரியாயிடும் மேடம்" என்றார். தகடு ஜிஐ என்று சொன்னதும், "மழையில போட்டு வச்சிருப்பீங்க" என்று திருப்பினார். தராசுப் படத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அதன்பின் போனை எடுப்பதே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தோம். அதற்கும் அவர் அசையாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில் இல்லாத எங்களுக்கு இப்போது கைகொடுப்பது "3 எம்எம் எம்எஸ்" என்று அவரே தட்டச்சு செய்த அந்த வாட்ஸ்அப் வரிதான். வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். தகட்டின் வகை, கனம், மொத்த எடை மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

அவருடைய விளம்பரத்தில் இன்னொரு படம் இருக்கிறது: நாலு பக்கமும் கண்ணாடி அடைத்த சிட்அவுட்டுக்குள் இதே தொட்டியில் தீ எரிகிறது. அதைப் பார்த்து யாரும் உள்ளே வைத்துவிடக் கூடாது. விறகோ கரியோ, அடைத்த இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இருக்காது, தூங்கினவர் தூக்கத்திலேயே போய்விடுவார். மழை வந்தால் நெருப்பை அணைக்க வேண்டுமே தவிர, தொட்டியை உள்ளே தூக்கக் கூடாது.

இப்போது எங்கள் தோட்டத்தில், வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி, மேலே கிளை இல்லாத இடத்தில், தீச்செங்கலை வட்டமாக அடுக்கியிருக்கிறோம். சிமென்ட் பூசவில்லை, சூட்டில் அது விரிந்து உதிரும். காற்றுப் போக இடையிடையே இரண்டு விரல் சந்து, அடியில் ஜல்லி. கொத்தனார் கூலியோடு அந்தத் தொட்டிக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

கறுப்பு ஃபயர் பிட் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், அடிப்பக்கம் ஓர் ஓரத்தைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட்டுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பூப்பூவாகப் பளபளப்புத் தெரிந்தால், இன்று ராத்திரி அதில் விறகு வைக்காதீர்கள்.