எச்இசிடி-1: ஆன்டிபாடி அருமை, குப்பிதான் வில்லங்கம்

சுண்டெலிச் செல்களில் எச்இசிடி-1 என்ற ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கும் புரதம்) வேலை செய்யுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். செய்யாது. இது செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேடரின் என்ற புரதத்தின் மனித வடிவத்துக்கு உரியது. சுண்டெலிக்கு டெக்மா-1, இசிசிடி-2 போன்ற குளோன்களை, அதாவது ஒரே மூலச் செல்லின் வழித்தோன்றல்கள் தரும் ஆன்டிபாடிகளை, தேடுங்கள். மனிதச் செல்களுக்கு மாறினால் வாங்கலாமா என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்களைச் சுண்டெலிக்குள் செலுத்தி உருவாக்கிய மோனோகுளோனல் ஆன்டிபாடி இது. அதே செல்களில் சாயமேற்றிப் பார்த்தால் குறை சொல்ல வாய் வராது. செல்லும் செல்லும் தொடும் விளிம்பில் மட்டும் தேன்கூட்டு அறைகள்போல் மெல்லிய கோடு. நடுவில் சுத்தமான இருட்டு. கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் செல்லைக் கவனியுங்கள். பக்கத்துச் செல்லைத் தொடும் இடம் வரை கோடு பளிச்சென்று வரும், வெற்றிடம் தொடங்கும் இடத்தில் மங்கி நின்றுவிடும். இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்த இடத்தில் மைக்ராஸ்கோப்பை ஒரு நிமிடம் நிறுத்தாமல் நகர மாட்டேன். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டிலும் சோடை போனதில்லை: 120 கிலோடால்டனில் பட்டை, சில சமயம் அதற்குச் சற்று மேலே முதிராத முன்வடிவம்.

ஆனால் சாயத்துக்கு வேறு நல்ல குளோன்கள் உண்டு. இதை நான் விடாமல் வைத்திருப்பது, ஈ-கேடரினின் வெளிப்பகுதியைப் பிடித்து அதன் ஒட்டும் வேலையையே தடுப்பதால். கேடரின்கள் ஒட்டக் கால்சியம் வேண்டும்; அதை ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் கொண்டு பறித்தாலும் செல்கள் பிரியும். அப்போது எல்லாக் கேடரின்களும் ஒன்றாகக் கைவிட்டுவிடுவதால், எது பிடித்துக்கொண்டிருந்தது என்று தெரியாது. இந்த ஆன்டிபாடி ஒன்றை மட்டும் முடக்கும். ஏ431 என்ற புற்றுச் செல்களில் பி-கேடரின் என்ற இன்னொரு கேடரினும் இருக்கிறது; அங்கே இது தனியாக எல்லாவற்றையும் பிரித்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். செல்கள் ஏற்கெனவே இறுகிப் பரவிய தட்டில் ஊற்றினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. விதைக்கும்போதே சேர்க்க வேண்டும். அல்லது கால்சியத்தை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது கூடவே கொடுக்க வேண்டும்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். சோடியம் அசைடு.

குப்பியில் கிருமி வளராதிருக்க அதைச் சேர்க்கிறார்கள். நியாயம்தான், சாயமேற்றுபவர்களுக்கு அதனால் நட்டமில்லை. 0.09 சதவீதம் என்றால் ஏறக்குறைய 14 மில்லிமோலார். 500 மடங்கு நீர்த்த பிறகு அதில் என்ன மிஞ்சப்போகிறது? தடுப்பு ஆய்வின் கணக்கு வேறு. மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வரும் குப்பியிலிருந்து மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அளவை எட்டப் பத்து மடங்குதான் நீர்க்க முடியும். உயிருள்ள செல்லின் தலையில் 1.4 மில்லிமோலார் அசைடு இறங்கும். மைட்டோகாண்டிரியாவில் சுவாசத்தை நடத்தும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸையே முடக்குகிற நஞ்சு அது. செல்கள் சுருண்டு பிரிந்தால், கேடரின் தடைபட்டதாலா, மூச்சு முட்டியதாலா?

தரவுத்தாளின் மேல்பாதியில் ‘தடுப்பு ஆய்வுகளுக்கு ஏற்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கடைசி வரியில் பொடி எழுத்தில் அசைடு. இந்த இரண்டு வரிகளையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை போலும். அசைடு இல்லாத வடிவத்துக்குத் தனிப் பட்டியல் எண் உண்டு. கேட்டால், இருப்பில் இல்லை.

ஆகவே நாமே நீக்க வேண்டும். சிறு மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்கும் டீசால்டிங் குழாயில் ஓட்டினால் அசைடு பிரிந்துவிடும், கூடவே ஆன்டிபாடியிலும் ஒரு பங்கு போய்விடும். எஞ்சியது எவ்வளவு என்று, புரதங்கள் உறிஞ்சும் 280 நானோமீட்டர் ஒளியில் அளக்கலாம். குப்பியில் அல்புமின் என்ற வேறு புரதமும் கலந்திருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பிறகு கிருமி நீக்க வடிகட்ட வேண்டும். அங்கேயும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஒப்பீட்டுக்கு வைக்கும், ஈ-கேடரினைப் பிடிக்காத அதே வகைச் சுண்டெலி ஐஜிஜி-1 ஆன்டிபாடியையும் இதே பாடு படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பீடு என்ற பெயருக்கே அது லாயக்கில்லை. கையிலிருப்பதோ 100 மைக்ரோலிட்டர்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. இன்றைக்குத்தான் புதுக் குப்பியை டீசால்டிங் குழாயில் ஓட்டி முடித்தேன், அந்தக் கடுப்பும் இதில் சேர்ந்திருக்கிறது. குளோனுக்கு மட்டும் தனியாக மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்குக் கீழே போட மனம் வராது. ஆனால் குளோனை மட்டும் யாரும் விற்பதில்லை, குப்பியைத்தான் விற்கிறார்கள்.

நண்பருக்கு: சாயத்துக்கு மட்டும் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். தடுப்பு ஆய்வுக்கு என்றால், அசைடும் அல்புமினும் இல்லாத வடிவம் கையிருப்பில் இருக்கிறது என்று எழுத்தில் பதில் வரும்வரை ஆர்டர் போடாதீர்கள். நான் போட்டுவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை.