5 கிலோ கோகோபீட் கட்டி: கழுவியதா, கழுவாததா?

தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கும்போது உதிரும் துகளை உலர்த்தி, எந்திரத்தில் அழுத்தினால் கோகோபீட் கட்டி. 650 கிராம் செங்கல்லாகவும் 5 கிலோ கட்டியாகவும் விற்கிறார்கள். நாலைந்து சின்னத் தொட்டிக்குச் செங்கல் போதும். மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு 5 கிலோ கட்டியைத் தாராளமாகச் சொல்லலாம், உறையில் ‘லோ ஈ.சி.’ (ஈ.சி. என்பது கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) என்றோ ‘கழுவியது’ என்றோ போட்டிருந்தால். அது இல்லாத கட்டி மலிவாகத் தெரியும். மிச்சமான காசைத் தண்ணீராகவும் உழைப்பாகவும் கொடுத்துவிடுவீர்கள்.

5 கிலோ கட்டி 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் குடித்து, 60 லிட்டருக்கு மேல் உப்பி நிற்கும். பக்கெட் பத்தாது, பெரிய டப் வேண்டும். தண்ணீரை மூன்று நான்கு தடவையாக ஊற்றி, இளகிய மேல்பகுதியை உதிர்த்துவிட்டுக்கொண்டே போனால் நடுப்பகுதி காய்ந்தபடி நிற்காது. வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம் ஊறும். காய்ந்த கட்டியைச் சுத்தியலால் உடைக்கிறவர்கள் உண்டு. பறக்கும் தூசி நெஞ்சுக்குள் போகும், வேண்டாம். ஊறிய துகளில் ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர்விட்டுக் கலக்கிப் பாருங்கள். அடியில் மணல் படிந்தால் எடைக்காகக் கலந்திருக்கிறார்கள் என்று பொருள்.

உப்புதான் பெரிய விஷயம். மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் இருக்கின்றன. மட்டையை உவர்நீரில் ஊறப்போட்டிருந்தால் சோடியம் இன்னும் கூடும். கழுவாத துகளில் விதை போட்டால் முளைப்பு குறையும், நாற்றின் இலைநுனி கருகும். ஊறவைத்து, சாக்கிலோ வலைப்பையிலோ கட்டி வடியவிட்டு, மறுபடி நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வடியும் நீரின் ஈ.சி. சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பலர் தண்ணீர் தெளியும்வரை அலசுகிறார்கள். டீ நிறத்தில் வருவது டானின். அதற்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை. தெளிந்த நீரிலும் உப்பு இருக்கலாம், ஈ.சி. மீட்டர் மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

அலசினாலும் துகளோடு ஒட்டிய பொட்டாசியமும் சோடியமும் முழுசாகப் போகாது. நீங்கள் கொடுக்கும் கால்சியத்தைத் துகள் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே விடும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். 20 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, ஒரு நாள் ஊறவைத்து, ஒருமுறை அலசினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். மண் கலக்காமல் வளர்க்கிறவர்கள் இதை விடக்கூடாது. மண்ணும் உரமும் கலக்கிறவர்களுக்கு அவ்வளவு கட்டாயமில்லை.

இதில் சத்து கிடையாது என்பதை உறையில் யாரும் பெரிதாகப் போடுவதில்லை. கார்பன்-நைட்ரஜன் விகிதம் 100:1-ஐ ஒட்டி இருப்பதால், மட்கும்போது செடிக்குரிய தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். செடி வெளிறினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். மண், மண்புழு உரம், கோகோபீட் மூன்றும் சம பங்கு என்பது தொட்டிக்கு நம்பகமான கலவை. குழித்தட்டில் விதை முளைக்கவைக்க, சலித்த கோகோபீட் தனியாகவே போதும். இரண்டு இலை விட்டதும் உரம் தொடங்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றுவதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். மேல்பரப்பு காய்ந்து வெளிறியிருக்கும், உள்ளே சொதசொதவென்று ஈரம் நிற்கும். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள், இல்லையென்றால் வேர் அழுகும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் சில சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது.

மிஞ்சிய கட்டியை நனைக்காமல் உறையோடு வைத்தால் கெடாது. ஊறவைத்ததை மூடியே வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் பரப்பி உலர்த்தி எடுத்துவையுங்கள்.